பழைய சீவுளிகளைப் புதுப்பித்து விற்று இங்கே பிழைக்கலாமா?

தம்பி, தாதியாகப் பணியாற்றும் உங்கள் மனைவியுடன் கடந்த ஆண்டு ஷெஃபீல்டுக்கு வந்து சேர்ந்ததாகவும், யாழ்ப்பாணத்தில் தந்தை தச்சர் என்பதால் சிறு வயதிலிருந்தே கருவிகளோடு பழகியவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மக்கள் பழைய பொருட்களைக் காரில் கொண்டுவந்து விற்கும் ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சந்தைகளில், மரத்தை இழைக்கும் சீவுளிகளும் உளிகளும் துருப்பிடித்த நிலையில் ஐந்து பவுணுக்கும் பத்து பவுணுக்கும் போவதைப் பார்த்துவிட்டு, அவற்றைப் புதுப்பித்து விற்றுப் பிழைக்க முடியுமா, களஞ்சிய வேலையை விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். தந்தைக்கு ஒரு சீவுளி அனுப்பலாமா என்பதும் உங்கள் கேள்வி. நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் இதைச் செய்துவருபவன் என்பதால் அறிந்ததைச் சொல்கிறேன். களஞ்சிய வேலையை இப்போதைக்கு விட வேண்டாம்.

முதலில் விசாவைப் பாருங்கள். மாணவர் விசாவில் இருப்பவர் இந்நாட்டில் சுயதொழில் செய்யக் கூடாது. சந்தையில் வாங்கி இணையத்தில் விற்பதும் சுயதொழில்தான். திறன்பெற்ற பணியாளர் விசா வைத்திருப்பவரின் துணைக்கு அந்தத் தடை இல்லை என்பதால், உங்கள் மனைவியின் பெயரில் அல்லாமல் உங்கள் பெயரிலேயே தொழிலைத் தொடங்குங்கள். ஆனாலும் உங்கள் விசாக் கடிதத்தில் எழுதியிருக்கும் நிபந்தனைகளை ஒருமுறை வாசித்துவிட்டே தொடங்குங்கள். வரியாண்டொன்றில் இப்படி வரும் பணம் 1,000 பவுணைத் தாண்டினால் வரித் திணைக்களத்தில் பதிவு செய்ய வேண்டும். இந்த 1,000 என்பது இலாபம் அல்ல, செலவு கழிக்காத மொத்த விற்பனை. இதைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். ஆண்டில் 30 பொருட்களோ அதற்கு மேலோ விற்றால் இணையத் தளமே உங்கள் விவரத்தை வரித் திணைக்களத்துக்கு அனுப்பிவிடும். ஆகவே முதல் நாளிலிருந்தே ஒரு கொப்பியில் வரவு செலவை எழுதி வையுங்கள்.

இனிப் பணக் கணக்கு. ஸ்டான்லி அல்லது ரெக்கோர்ட் நிறுவனத்தின் நான்காம் இலக்கச் சீவுளி ஒன்றை 12 பவுணுக்கு வாங்கினேன் என்று வையுங்கள். துரு நீக்கி, அடிப்பரப்பைத் தட்டையாக்கி, அலகைத் தீட்டி முடிக்க எனக்கு இப்போதும் மூன்று மணிநேரம் ஆகும். அரத்தாள், எண்ணெய் முதலியவற்றுக்கு 3 பவுண். விற்றால் 45 பவுண் வரும். அஞ்சலும் தளக் கட்டணமும் சேர்ந்து 10 பவுண் போகும். மிஞ்சுவது 20 பவுண், அதாவது மணிக்கு ஏழு பவுணுக்கும் குறைவு. உங்கள் களஞ்சியத்தில் சட்டப்படி தரவேண்டிய குறைந்தபட்ச ஊதியமே இதைவிட அதிகம். இதில் சந்தைக்குப் போய்வரும் நேரத்தையும் பெற்றோலையும் நான் சேர்க்கவில்லை.

அப்படியானால் பணம் எங்கே இருக்கிறது என்றால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு கைத்திறனில் இருக்கிறது. இங்கே இப்போது விற்கும் பெரும்பாலான வாள்களின் பற்கள் கடினமாக்கப்பட்டவை. மழுங்கினால் அரத்தால் தீட்ட முடியாது, எறிந்துவிட்டுப் புதியது வாங்க வேண்டும். அதனால் பழைய வாளின் பற்களை முக்கோண அரத்தால் ஒன்றுவிட்டொன்று சரித்து, நெறி வைத்து, அதாவது பற்களை மாறி மாறி இருபுறமும் சற்று வளைத்து, தீட்டத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். உங்கள் தந்தை திண்ணையில் இருந்து செய்த அதே வேலைக்கு இங்கே மரவேலைப் பொழுதுபோக்காளர்கள் மனமுவந்து பணம் தருகிறார்கள். துருப்பிடித்த வாளை 5 பவுணுக்கு வாங்கி, பளபளப்பாக்காமல் கூர்மையாக மட்டும் ஆக்கி, அது மரத்தில் இறங்குவதைக் காட்டி விற்றபோதுதான் எனக்கு முதன்முதலில் கூலி கட்டியது.

பளபளப்பைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதில் நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ஊரில் கருவியைப் பழுதுபார்ப்பது என்றால் அதைப் புதிதுபோல் ஆக்குவது என்றே நாம் வளர்ந்தோம். வந்த புதிதில், ஷெஃபீல்டில் செய்த ஒரு பழைய வாளை மின்துளைப்பானில் கம்பித் தூரிகை பூட்டி, என் முகம் தெரியும் அளவுக்குத் தேய்த்தேன். சந்தையில் அதைக் கையில் எடுத்த முதியவர் ஒருவர் தகட்டைச் சரித்துச் சரித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திருப்பி வைத்தார். பிறகுதான் சொன்னார்: தகட்டில் அமிலத்தால் பொறித்திருந்த செய்தவரின் முத்திரையை நான் துருவோடு சேர்த்தே தேய்த்துவிட்டேன். முத்திரையோடு 40 பவுண் பெற்றிருக்கக்கூடியது 8 பவுணுக்குப் போயிற்று. இங்கே வாங்குபவர் அந்தப் பொருளின் வயதுக்கும் சேர்த்தே பணம் தருகிறார். ஆகவே தட்டையான கட்டையில் நுண்ணிய அரத்தாளைச் சுற்றி, முத்திரை இருக்கக்கூடிய இடத்தை மெதுவாகத் தொட்டுப் பார்த்து, எழுத்து தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். சீவுளியின் உட்புறத்துக் கறுப்புப் பூச்சு உரிந்திருந்தால் அப்படியே விடுங்கள். மரச் சீவுளிகளின் முனையில் முன்னாள் உரிமையாளர் தன் பெயரை அடித்திருப்பார், அதையும் சீவிவிடாதீர்கள்.

துரு நீக்க நான் இரண்டு வழிகளைப் பயன்படுத்துகிறேன். சிறிய உறுப்புகளை ஒரு லீற்றர் தண்ணீரில் ஐம்பது கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து ஒரு சில மணிநேரம் ஊறவைத்து, தூரிகையால் தேய்த்துக் கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் பூச வேண்டும். பத்து நிமிடம் தாமதித்தாலும் புதுத் துரு படிந்துவிடும். பெரிய வார்ப்புகளுக்குச் சலவைச் சோடா கரைத்த நீரில் மின்னோட்டம் செலுத்துவது நல்லது. கருவியை எதிர்முனையிலும் பழைய இரும்புத் தகடொன்றை நேர்முனையிலும் பொருத்துங்கள். நேர்முனையில் துருப்பிடிக்காத உருக்கை ஒருபோதும் வைக்காதீர்கள், அதிலிருந்து நச்சுக் குரோமியம் நீரில் கலக்கும். ஐதரசன் வெளியேறும் என்பதால் கராஜின் கதவைத் திறந்து வையுங்கள். எண்ணெயிலும் ஒரு பாடம் உண்டு. ஊர்ப் பழக்கத்தில் தேங்காய் எண்ணெயைப் பூசி வைத்தேன். மறுநாள் காலையில் குளிரில் அது வெள்ளை மெழுகாக உறைந்து, அலகைத் திருகும் சக்கரத்தைக்கூட அசைக்க முடியாமல் செய்துவிட்டது. இங்கே கமீலியா எண்ணெயோ மெல்லிய இயந்திர எண்ணெயோ வாங்குங்கள்.

சந்தைக்கு விடியுமுன்பே, கைவிளக்கும் நேரான உருக்கு அடிமட்டமும் எடுத்துக்கொண்டு போங்கள். துரு பயப்பட வேண்டிய குறை அல்ல. வார்ப்பில் வெடிப்பு இருப்பதுதான் குறை. அலகை எடுத்துவிட்டு, அலகு வெளிவரும் வாயின் இரு மூலைகளையும் பக்கச் சுவர்களையும் விளக்கைச் சாய்த்துப் பாருங்கள்; மயிரிழை வெடிப்பு தெரிந்தால் ஒரு பவுணுக்கும் வாங்காதீர்கள். திருகாணிகள் எல்லாம் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஸ்டான்லி தன் சீவுளிகளில் பயன்படுத்திய புரி அளவு சாதாரணக் கடைகளில் கிடைப்பதில்லை. தொலைந்த ஓர் ஆணிக்காக இன்னொரு பழைய சீவுளியையே வாங்க நேரிடும். அமெரிக்கச் சீவுளிகளில் அலகைத் தாங்கும் வார்ப்புக்குப் பின்னால் மூன்று காப்புரிமைத் திகதிகள், அவற்றுள் கடைசியாக 1910 ஏப்ரல் திகதி, இருக்குமானால் அது 1910க்கும் 1918க்கும் இடையில் செய்யப்பட்டது என்று சேகரிப்பவர்கள் கணிக்கிறார்கள். அதற்கு நல்ல விலை உண்டு. மார்ப்பிள்ஸ், சோர்பி, வார்ட் அண்ட் பெய்ன் என்ற ஷெஃபீல்டுக் கருவி நிறுவனங்களின் பெயர்கள் பொறித்த உளிகளைக் கண்டால் தயங்காதீர்கள். அவற்றுள் சிலவற்றில் “காஸ்ட் ஸ்டீல்” என்று இருக்கும். அது வார்ப்பிரும்பு என்று நினைத்து நான் சில நல்ல உளிகளை விட்டுவந்திருக்கிறேன். உண்மையில் அது மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண் கலத்தில், உருக்கிய உருக்கு. 1740களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள ஹாண்ட்ஸ்வர்த்தில் உருவாக்கிய முறை அது. ஷெஃபீல்டிலேயே உள்ள கெல்ஹம் தீவு அருங்காட்சியகத்தில் கென் ஹோலி சேர்த்த கருவிகளின் பெருந்தொகுப்பு இருக்கிறது. ஒரு நாள் முழுவதையும் அங்கே கழித்தால், சந்தையில் எதைத் தொட வேண்டும் என்பது கைக்கே தெரியவரும்.

சட்டத்தில் சிக்கவைக்கும் பொருட்களும் உண்டு. பழைய மடக்கு அளவுகோல்கள் சில யானைத் தந்தத்தால் ஆனவை. 2022 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கும் தந்தச் சட்டத்தின்படி, விலக்கு இல்லாமல் அவற்றை விற்பது குற்றம். சீவுளிப் பிடிகள் சில பிரேசிலின் கருங்காலி போன்ற ரோஸ்வூட் மரத்தால் ஆனவை. அந்த மரம் 1992 முதல் பன்னாட்டு வணிகத்தில் மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால், அனுமதிப் பத்திரம் இல்லாமல் வெளிநாட்டுக்கு விற்காதீர்கள். உளிகளைத் திறந்த பையில் கொண்டு திரியாமல் மூடிய பெட்டியில் காரின் பின்புறத்தில் வையுங்கள்; பொலிஸ் கேட்டால் சந்தைக்குப் போவதைக் காரணமாகச் சொல்லலாம்.

தந்தைக்கு அனுப்புவதற்கு, பிடி சாயம் பூசிய பீச் மரத்தால் ஆன, போருக்குப் பிந்தைய ஆங்கில ஸ்டான்லி ஐந்தாம் இலக்கம் போதும். 14 அங்குல நீளம், கதவுப் பலகை சீவுவதற்கு உகந்தது, ரோஸ்வூட் சிக்கலும் இல்லை. தமிழ்நாட்டில் இதையே இழைப்புளி என்பார்கள். நம் தச்சர்களுக்கு இரண்டு பெயரும் தெரியும். அலகைத் தனியாகக் கழற்றித் தடித்த அட்டையில் சுற்றி, சுங்கப் படிவத்தில் பயன்படுத்திய மரவேலைக் கருவி என்று எழுதி அனுப்புங்கள். கமீலியா எண்ணெய் சேர்த்து அனுப்பத் தேவையில்லை. அங்கே தேங்காய் எண்ணெய் உறையாது.