ஒரு வருடமே ஓடிய, புதுச்சேரிப் பதிவு எண் கொண்ட பிஎம்டபிள்யூ எக்ஸ்5 சென்னையில் மலிவாக வருகிறது, வாங்கலாமா?

வாங்கலாம். முதல் வருட விலைச் சரிவை முதல் உரிமையாளரே சுமந்துவிட்டார். ஆனால் புதுச்சேரி நம்பரில் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். சாலை வரியும் இங்கே கட்ட வேண்டும். சொகுசு வண்டிக்கு அது லட்சக்கணக்கில் போகும். அதையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

அப்புறம், சென்னையில் நின்ற வண்டி என்றாலே எனக்கு முதல் சந்தேகம் வெள்ளம்தான். சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரிந்தால் பேச்சே வேண்டாம், கிளம்பிவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2324 என்றால் 2024-ன் 23ஆம் வாரத்தில் செய்தது. வண்டியைவிட டயர் புதுசாக இருந்தால், எதற்கு மாற்றினார்கள் என்று கேளுங்கள்.