சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்வதற்கு முன்

கேள்வி: நீண்ட காலச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளுக்குத் துணையாகத் தன்னார்வலராகச் செல்ல நினைக்கிறேன். மதுரையில் அப்படிச் செல்பவர்கள் இருந்தால், அங்கே என்ன செய்கிறீர்கள், எதற்குத் தயாராக வேண்டும் என்று சொல்ல முடியுமா?

ஆறு ஆண்டுகளாக, சனிக்கிழமைப் பிற்பகல்களில், மதுரையில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் புற்றுநோய் வார்டுக்குப் போய்வருகிறேன். மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தில் கணக்கெழுதுவது என் பிழைப்பு. மருத்துவமோ உளவியலோ படித்தவன் அல்லன். எங்கள் சிறு குழுவில் ஒருவருக்கு ஒரு குழந்தை என்பதுதான் ஏற்பாடு. வார்டு முழுவதற்கும் மிட்டாய் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரே குழந்தைக்காக நூறு சனிக்கிழமை வருகிறவர்தான் கிடைப்பதில்லை.

நூறு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிக அதிகமாகக் காணப்படும் லிம்போபிளாஸ்டிக் வகை ரத்தப் புற்றுநோய்க்கு முழுச் சிகிச்சை முடிய 2 முதல் 3 ஆண்டுகள் ஆகின்றன. 1948இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஃபார்பர், மருந்தால் இந்நோயைச் சில காலமேனும் தணிக்க முடியும் என்று எழுதிக் காட்டும்வரை, நீண்ட சிகிச்சை என்ற பேச்சுக்கே இடம் இருந்ததில்லை. இன்று தகுந்த சிகிச்சையை இடையில் நிறுத்தாமல் பெறும் குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். அப்படிப் பிழைப்பதற்காக அவர்கள் கடக்க வேண்டியிருக்கிற அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

எனக்கு முதலில் தரப்பட்டவன் கமுதிப் பக்கத்துப் பையன். ஐந்தாம் வகுப்பில் பாதியில் நின்றவன். தாய் அவனோடு வார்டில், தந்தை ஊரில் வேலையோடும் தங்கையோடும். முதல் மாதம் வகுப்பு நண்பர்கள் யாருடைய கைபேசியிலிருந்தாவது கூப்பிட்டார்கள், பிறகு நின்றுபோயிற்று. முதல் நாள் நான் ஒரு பெரிய பொம்மைக் காரும் ரோஜாப் பூக்களும் வாங்கிக்கொண்டு போனேன். கீமோ மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் குழந்தையின் அருகே மண்ணும் ஈரமும் உள்ள எதுவும் ஆகாது என்று சொல்லிப் பூவை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார் சிஸ்டர். காரைப் பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புறப்படும்போது மட்டும், "அடுத்த சனிக்கிழமையும் வருவீங்களாண்ணே, இல்ல இன்னைக்கு மட்டுந்தானா?" என்று கேட்டான். உங்கள் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதிலில் முக்கால்வாசி அவனுடைய இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

ஊசி எப்போது என்று அந்தக் குழந்தைகளால் முடிவுசெய்ய முடியாது. "கவுண்ட் இறங்கிருச்சு" (ரத்த அணுக்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது) என்று ஒரு வரி வந்தால் ஊருக்குப் போகும் திட்டம் நின்றுவிடும். எதுவும் சொன்ன நாளில் நடக்காத அந்த வாழ்க்கையில், சொன்ன நாளில் சொன்ன நேரத்தில் வந்து நிற்கும் ஒரே ஆளாக நாம் இருக்கலாம். அதற்குப் பணமோ பட்டமோ தேவையில்லை. ஆனால் அதைக் கெடுப்பதும் எளிது. நான்காவது மாதத்தில் சித்தப்பா மகள் கல்யாணம், அதைத் தொடர்ந்து ஒரு மறுவீடு என்று இரண்டு சனிக்கிழமைகளைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மூன்றாவது வாரம் போனபோது அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்; ஒரு மணி நேரம் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வர முடியாதது குற்றமில்லை, அதை முன்கூட்டியே அவனிடமே சொல்லாததுதான் குற்றம் என்று குழுவில் மூத்தவரான ஓர் அம்மா பிறகு சொன்னார். சளி, காய்ச்சல் இருந்தால் போகவே கூடாது. வீட்டில் யாருக்காவது அம்மையோ தட்டம்மையோ கண்டிருந்தால் நமக்கு உடம்பு நன்றாக இருந்தாலும் வார்டில் கேட்காமல் நுழையக் கூடாது, ஏனென்றால் சாதாரணக் குழந்தை ஒரு வாரத்தில் உதறிவிடும் நோய் இவர்களுக்கு உயிர்க்கண்டம் ஆகலாம். அந்த வாரங்களில் தொலைபேசியில் அழைத்து அரை மணி நேரம் பேசுவேன். அதுவும் வருகைக் கணக்கில் சேரும் என்று அவனே தீர்ப்புச் சொல்லியிருக்கிறான்.

என்ன பேசுவது என்பது பலருடைய பயம். நோயைப் பற்றி நாமாக எடுக்க வேண்டியதில்லை, அவர்கள் எடுத்தால் ஒதுக்கவும் வேண்டியதில்லை. அவனுக்கு ஏற்றப்பட்ட வின்கிரிஸ்டின் என்ற மருந்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். "எங்கூருச் சுடுகாட்டுல நிக்குமே, அதுவா?" என்றான். அவன் அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. அவனோ வார்டு முழுவதும் அதைச் சொல்லிச் சிரித்தான். அந்த மருந்து நரம்பைத் தாக்கிக் கால் முன்பாதத்தைத் தொய்யவைக்கும் என்பதால், குதிகாலால் நடக்கும் பயிற்சியைக் கொடுத்திருந்தார்கள். தனியாக நடக்க மாட்டேன் என்பான், போட்டி என்றால் வராந்தாவின் கடைசி வரை வருவான். நான் தோற்காத வாரம் இல்லை. (பாதி வாரங்களில் உண்மையாகவே தோற்றேன், குதிகாலால் நடப்பது அவ்வளவு சுலபமில்லை.)

ஸ்டீராய்டு மாத்திரை நடக்கும் வாரங்கள் வேறு மாதிரி. அடங்காப் பசியும் காரணமில்லாத கோபமும் அந்த மாத்திரையின் வேலை என்பது தெரியாவிட்டால், குழந்தை நம்மை வெறுக்கிறது என்றே நினைத்துவிடுவோம். வெளிச் சாப்பாடு கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்ததால், பேசிப் பேசியே சாப்பிட்டோம். சிகிச்சை முடிந்ததும் சாப்பிட வேண்டியவை என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினான்: கறிதோசை, பருத்திப்பால், முள்ளுமுருங்கை வடை, பரோட்டா சால்னா, ஜிகர்தண்டா. ஒவ்வொன்றும் எந்தக் கடையில் என்பது வரை சண்டை போட்டு முடிவுசெய்தோம்.

நான் செய்த பெரிய தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துப் படுக்கைச் சிறுவன் ஒரு வாரம் காணவில்லை. எங்கே என்று இவன் கேட்டபோது, ஊருக்குப் போய்விட்டான் என்றேன். அந்தப் பையன் இறந்துபோனது இவனுக்கு இரண்டு நாளைக்கு முன்பே தெரியும். நான் என்ன சொல்கிறேன் என்று பார்ப்பதற்காகவே கேட்டிருக்கிறான். அன்று மாலை வரை அவன் அதைப் பற்றி வேறெதுவும் கேட்கவில்லை, பல வாரங்களுக்கு எதையுமே கேட்கவில்லை. இப்போதெல்லாம் அத்தகைய கேள்வி வந்தால், "உனக்கு என்ன தெரியும், சொல்" என்று முதலில் கேட்கிறேன். எவ்வளவு சொல்லலாம் என்பதைப் பெற்றோரிடமும் மருத்துவரிடமும் முன்பே கேட்டு வைத்திருக்கிறேன். பொய் மட்டும் சொல்வதில்லை.

தாய்மாரை மறந்துவிடாதீர்கள். நாம் உட்கார்ந்திருக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் அவர்கள் குளிப்பார்கள், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கான காகிதங்களோடு வரிசையில் நிற்பார்கள், ஊரிலிருக்கும் சின்னப் பிள்ளையோடு நிதானமாகப் பேசுவார்கள். "தம்பி இருக்கீகள்ல, இந்தா வந்துர்றேன்" என்று அவன் அம்மா கிளம்பும் வேகத்தைப் பார்த்தாலே அந்த இடைவெளியின் மதிப்பு தெரியும். வார்டை விட்டுப் போன பிறகும் வேலை உண்டு. கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட வேண்டும். முடி வளர்ந்து முகம் தெளிந்த பிள்ளையைப் பார்த்து, சரியாகிவிட்டது என்று குடும்பம் மாத்திரையை நிறுத்திவிடுவதும், பேருந்துச் செலவுக்கு அஞ்சிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் நடக்கின்றன. நோய் திரும்புவதற்கு அது வழி. அப்போது நான் செய்தது, சனிக்கிழமை மாலை ஒரு போன். இந்த வாரம் நோட்டில் என்ன எழுதினாய் என்பதில் தொடங்கி மாத்திரையில் முடியும் பேச்சு.

கண்டிப்பானவை சில உண்டு. மூடிய அறையில் குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது. படம் எடுத்து எங்கும் போடக் கூடாது. குடும்பத்துக்குக் கையில் பணம் கொடுக்கக் கூடாது, உதவியைக் குழு வழியாகவோ மருத்துவமனைச் சமூகப் பணியாளர் வழியாகவோதான் செய்ய வேண்டும். இவற்றைக் கேட்டு முகம் சுளிக்கிறவர் வராமல் இருப்பதே நல்லது. சேரும்போது இரண்டு ஆண்டு முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாதென்றால், கதை வாசிக்கவோ படம் வரையக் கற்றுக்கொடுக்கவோ எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக வரலாம். அதில் குறைவொன்றும் இல்லை, தனி ஒருவனுக்கு நம்பிக்கை கொடுத்துவிட்டு நடுவில் விடுவதுதான் தவறு.

அவன் இப்போது எட்டாம் வகுப்பு. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை பரிசோதனைக்கு வரும்போது அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நோட்டில் உள்ள ஒன்றை முடித்துவிட்டு வருவோம். போன முறை ஜிகர்தண்டா. மூன்று ஆண்டு வாயில் எச்சில் ஊறப் பேசிய அதை நான்கு வாய் குடித்துவிட்டு, "ரொம்ப இனிக்குதுண்ணே" என்று தம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டான். மீதியை நான்தான் குடித்தேன்.