அட்டைப் படத்தை விடுங்கள், உள்பக்கத்தைத் தேடுங்கள்

கேள்வி: பீட்டில்ஸ், லெட் செப்பலின், செக்ஸ் பிஸ்டல்ஸ் போன்ற குழுக்கள் புகழ் பெறும் முன்பே அவர்களைப் பற்றி எழுதிய பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகளைச் சேர்க்க ஆசை. 1961-ஆம் ஆண்டு ‘மெர்ஸி பீட்’ இதழ் ஒன்று இணையத்தில் விற்பனைக்கு வந்திருக்கிறது. அது அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எதில் தொடங்கலாம்? சென்னைப் புழுக்கத்தில் இவ்வளவு பழைய தாள் தாங்குமா? (வாசகர், சென்னை)

பதில்: மெர்ஸி பீட்டை அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். ஆசைப்பட வேண்டிய பத்திரிகைதான், அதில் சந்தேகமே இல்லை. லிவர்பூல் கலைக் கல்லூரியில் ஜான் லெனனோடு படித்த பில் ஹாரி, 1961 ஜூலை 6 அன்று தொடங்கியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும், விலை மூன்று பென்ஸ். முதல் இதழில் அச்சானது 5,000 பிரதிகள்தான். ஜூலை 20 தேதியிட்ட இரண்டாம் இதழின் முதல் பக்கத்தில் பீட்டில்ஸ் இசைத்தட்டு ஒப்பந்தம் போட்ட செய்தி இருக்கிறது. ஜெர்மனியில் பாடகர் டோனி ஷெரிடனுக்குப் பின்னணி வாசித்த ஒப்பந்தம் அது. பால் மெக்கார்ட்னியின் பெயரைக்கூடத் தப்பாக அச்சிட்டிருந்தார்கள்!

அந்த இதழில் 12 டஜன் பிரதிகளை, பின்னாளில் பீட்டில்ஸின் மேலாளரான பிரையன் எப்ஸ்டீன் லிவர்பூலில் இருந்த தன் இசைத்தட்டுக் கடைக்கு வாங்கியதாக பில் ஹாரி சொல்லியிருக்கிறார். அடுத்த மாதமே எப்ஸ்டீன் அதே பத்திரிகையில் இசைத்தட்டுப் பத்தி எழுத ஆரம்பித்தார். ஆனால் பீட்டில்ஸ் என்ற பெயரையே அக்டோபர் கடைசியில் ஒரு வாடிக்கையாளர் கேட்டு வந்தபோதுதான் அறிந்ததாக எப்ஸ்டீன் பின்னாளில் எழுதினார். இரண்டு கதையும் ஒன்றாக நிற்குமா என்று யோசித்துப் பாருங்கள். இந்தப் பழைய தாள்களை நான் இவ்வளவு மதிப்பதற்கு இதுதான் காரணம். பின்னால் சொல்லப்படும் கதைகளை உரசிப் பார்க்க இவைதான் கையில் இருக்கும் சாட்சி.

அப்படிப்பட்ட இதழுக்கு நகல்கள் வராமல் இருக்குமா? மெர்ஸி பீட் பக்கங்கள் பின்னாளில் மறுபதிப்பாக வந்திருக்கின்றன. அதை மறைத்து அசலென்று விற்பவர்கள் உண்டு. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பாருங்கள். அசலில் புகைப்படம் மட்டும் வரிசையான புள்ளிகளாகத் தெரியும், எழுத்து முழுக் கறுப்பாக இருக்கும். அச்சான பக்கத்தை ஸ்கேன் செய்து எடுத்த நகலில் எழுத்தின் ஓரமும் சிதறும், புள்ளி மேல் புள்ளி விழுந்து அலை அலையாகத் தெரியும். தாளின் நிறத்தையும் கவனியுங்கள். உண்மையாகவே வயதான நியூஸ்பிரின்ட், அதாவது செய்தித்தாள் அச்சிடும் மலிவுத் தாள், ஓரத்திலும் மடிப்பிலும் முதலில் பழுத்து, உள்ளே போகப் போக வெளுத்திருக்கும். பக்கம் முழுக்க ஒரே பழுப்பு என்றால் டீத்தண்ணீர் வேலையாக இருக்கலாம். 1971 பிப்ரவரி 15-ல் பிரிட்டன் பவுண்டுக்கு 100 ‘புதிய பென்ஸ்’ என்ற தசம நாணயத்துக்கு மாறியது. அதனால் அறுபதுகளின் இதழ் என்று சொல்லி, விலை ‘புதிய பென்ஸ்’ கணக்கில் மட்டும் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

சரி, எதில் தொடங்குவது? நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ், மெலடி மேக்கர், ரெக்கார்ட் மிரர், 1970-ல் வந்த சவுண்ட்ஸ் ஆகிய வார இதழ்கள்தான் சரியான இடம். 1964-ல் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் வாரம் சுமார் 3 லட்சம் பிரதி விற்றது. எனவே சாதாரண வாரத்து இதழ்கள் இன்னும் கிடைக்கின்றன. அட்டையில் பெரிய படம் இருக்கிற இதழுக்குத்தான் எல்லோரும் போட்டி போடுவார்கள். ஒரு குழு அட்டைக்கு வரும்போது அது ஏற்கெனவே பிரபலமாகியிருக்கும். முதல் செய்தி உள்ளே எங்கோ ஒரு மூலையில் கிடக்கும். செக்ஸ் பிஸ்டல்ஸ் 1976 பிப்ரவரி 12 அன்று லண்டன் மார்க்கீ கிளப்பில் பாடியதைப் பற்றி நீல் ஸ்பென்சர் எழுதிய விமர்சனம், பிப்ரவரி 21 தேதியிட்ட நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸின் உள்பக்கத்தில் வந்தது. நிகழ்ச்சிக்கும் இதழின் தேதிக்கும் நடுவே இப்படி ஒரு வாரமாவது இடைவெளி இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, குழுக்களின் பழைய பெயர்கள். லெட் செப்பலின் 1968 அக்டோபரில் மார்க்கீயில் வாசித்தபோது விளம்பரத்தில் இருந்த பெயர் நியூ யார்ட்பேர்ட்ஸ். தி ஹூ 1964-ல் சில மாதம் ஹை நம்பர்ஸ். பிளாக் சப்பாத்துக்கு 1969 வரை எர்த் என்று பெயர். ஜாய் டிவிஷன் முதலில் வார்சா. விற்பவருக்கு இது தெரியாது, அதனால் பட்டியலில் எழுத மாட்டார். உங்களுக்குத் தெரிந்திருந்தால் சாதாரண விலைக்கே கிடைக்கும். மெலடி மேக்கரின் கடைசிப் பக்கங்களில் வரும் ‘ஆள் தேவை’ விளம்பரங்களையும் விட்டுவிடாதீர்கள். 1970-ல் ஜெனிசிஸ் குழுவுக்கு டிரம்ஸ் வாசிக்க ஃபில் காலின்ஸ் போனது அப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்துத்தான்.

வாங்கும் முன் பக்கங்களை எண்ணச் சொல்லுங்கள். இவை பெரும்பாலும் பின் அடிக்காமல் மடித்து அடுக்கிய தாள்கள். ஒரு தாள் நழுவினால் நான்கு பக்கம் போச்சு. ரசிகர்கள் படத்தையும் கூப்பனையும் வெட்டி எடுத்திருப்பார்கள், வெட்டிய இடத்தின் பின்பக்கத்தில்தான் உங்கள் செய்தி இருந்திருக்கும். வேர்ல்ட் ரேடியோ ஹிஸ்டரி இணையதளத்தில் இந்த வார இதழ்கள் நிறைய ஸ்கேனாக இலவசமாகக் கிடைக்கின்றன, ஒப்பிட்டுப் பாருங்கள். மேல் ஓரத்தில் பென்சிலில் வீட்டு எண் எழுதியிருந்தால் குறையாக நினைக்காதீர்கள். பேப்பர் போடும் பையனுக்காகக் கடைக்காரர் எழுதியது அது, எனக்கு அப்படிப்பட்ட பிரதிகள்மேல் தனிப் பிரியம் உண்டு. விலையைப் பொறுத்தவரை, விற்பவர் கேட்கும் தொகையை நம்பாமல் ஈபேயில் ‘விற்று முடிந்தவை’ பகுதியைப் பாருங்கள்.

சென்னையில் தாங்குமா என்றால், கவனித்தால் தாங்கும். மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள்தான் தாளைப் பழுக்க வைக்கிறது, தாளில் இருக்கும் அமிலம் அதை நொறுங்கச் செய்கிறது. வெளிச்சமும் சூடும் ஈரமும் இவற்றைத் துரிதப்படுத்தும். அமிலமற்ற அட்டையைப் பின்னால் கொடுத்து, பாலியஸ்டர் உறையில் போட்டு, பெட்டியில் படுக்கையாக வையுங்கள். பிவிசி உறை வேண்டாம். லேமினேஷனும் செலோ டேப்பும் கூடவே கூடாது, பிறகு எடுக்க முடியாது. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியைத் தவிர்த்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு, மழைக்காலத்தில் அதை அடிக்கடி மாற்றுங்கள். இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். படிப்பதற்கு ஸ்கேன் போதும்.

அந்த மெர்ஸி பீட் விற்பனையாளரிடம் எல்லாப் பக்கங்களுக்கும் படம், ஒரு புகைப்படத்தின் மிக நெருக்கமான படம், விலை அச்சான மூலையின் படம், இந்த மூன்றையும் கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். கொடுத்தார், எல்லாம் பொருந்துகிறது என்றால், சுருட்டாமல் இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைத்து அனுப்பச் சொல்லுங்கள். குழாயில் சுருட்டி வந்த பழைய நியூஸ்பிரின்ட் பிரிக்கும்போதே மடிப்பில் கிழிந்துவிடும்.