பழைய எக்ஸ்டியிடம் மணி கேட்பது எப்படி?

கேள்வி: குடியாத்தத்தில் அப்பா லுங்கி வியாபாரத்துக்கு பில் போட்ட ஐபிஎம் பிசி எக்ஸ்டி கம்ப்யூட்டரை மறுபடி ஓட வைத்திருக்கிறேன். டாஸ் 3.3 ஆபரேட்டிங் சிஸ்டம், டர்போ சி கம்பைலர். பில்லில் தேதியும் மணியும் வர வேண்டும். கரண்ட் போய் வந்தால் 1980 ஜனவரி 1 என்கிறது. ராத்திரி முழுக்க ஆனில் விட்டாலோ, காலையில் மணி சரி, தேதி நேற்றையது. நேரத்தை ஐஎன்டி 1ஏ வழியாக, அதாவது போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படைப் புரோகிராமான பயாஸை அழைத்து, வாங்குகிறேன். என்ன தப்பு?

பதில்: முதல் தொல்லைக்கு உங்கள் புரோகிராம் காரணமில்லை. பேட்டரியில் ஓடும் கடிகாரச் சிப் எக்ஸ்டிக்கு அடுத்து 1984-இல் வந்த ஏடி மாடலில்தான் போர்டிலேயே இடம்பெற்றது. எக்ஸ்டியில் அது கிடையாது. டாஸ் 1980-லிருந்து எண்ணத் தொடங்கிவிடும். கம்ப்யூட்டர் தொடங்கும்போது தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் ஃபைல் இருந்தால் டாஸ் தானாகத் தேதி கேட்காது. அதில் டேட், டைம் என்று இரண்டு வரி சேருங்கள். அமெரிக்க அமைப்பில் மாதம்தான் முதலில். நம் வழக்கப்படி 5-8 என்று தட்டினால் மே 8 ஆகிவிடும். ஆண்டை நாலு இலக்கமாகவே கொடுங்கள்.

இரண்டாவது தொல்லைதான் சுவாரசியமானது. டைமர் சிப் நொடிக்கு சுமார் 18.2 தடவை தட்டுகிறது. பயாஸ் அதை எண்ணிக்கொண்டே வரும். நள்ளிரவில் எண்ணிக்கை பூஜ்யமாகும்போது, ‘நாள் மாறியது’ என்று ஒரு கொடி ஏறும். ஐஎன்டி 1ஏ-யின் 0-ஆம் பணியை யார் முதலில் அழைக்கிறார்களோ, அவர்களிடம் கொடியைக் கொடுத்துவிட்டு பயாஸ் அதை இறக்கிவிடும். டாஸ் தேதியை நகர்த்துவது அந்தக் கொடியைப் பார்த்துத்தான். உங்கள் புரோகிராம் முந்திக்கொண்டு வாங்கி, கொடி வந்துசேரும் ஏஎல் ரெஜிஸ்டரைப் பார்க்காமலே விட்டுவிடுகிறது. டாஸுக்கு விடிந்ததே தெரியாது.

ஆகவே பயாஸை விட்டுவிட்டு டாஸையே கேளுங்கள். டாஸ்.எச் ஹெடரைச் சேர்த்து, ஸ்ட்ரக்ட் டைம் வகையில் ஒரு மாறி வைத்து, அதன் முகவரியை கெட்டைம் ஃபங்ஷனுக்குக் கொடுங்கள். மணி, நிமிடம், நொடி, நூறில் ஒரு பங்கு நான்கும் வந்துவிடும். உள்ளே நடப்பது டாஸை அழைக்கும் ஐஎன்டி 21-இன் 2சி பணி. தேதிக்கு இதே பாணியில் ஸ்ட்ரக்ட் டேட், கெட்டேட். ஆண்டு முழுதாக வரும், 1900 கூட்ட வேண்டாம். நூறில் ஒரு பங்கை நம்பி எதையும் அளக்காதீர்கள். ஒரு தட்டுக்கு 55 மில்லிசெகண்டு என்பதால் அது ஐந்தைந்தாக, ஆறாறாகத் தாவும்.

தேதியும் மணியும் தனித்தனி அழைப்புகள். நடுவே நள்ளிரவு கடந்தால் நேற்றைய தேதியும் இன்றைய 00:00-உம் சேர்ந்து அச்சாகும். தேதி, மணி, மறுபடி தேதி என்று வாங்கி, இரண்டு தேதியும் ஒன்றாக இல்லாவிட்டால் முதலிலிருந்து வாங்குங்கள். லுங்கிக் கடையில் நள்ளிரவு பில் ஏது என்பீர்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் யோசித்துப் பாருங்கள்.

ஸ்டாண்டர்ட் சி-யின் டைம் ஃபங்ஷன் இங்கே வேண்டாம். டர்போ சி-யில் நேர மண்டலத்தைச் சொல்லும் டிஇசட் மாறி அமைக்காவிட்டால் அமெரிக்கக் கிழக்கு நேரம் என்றே எடுத்துக்கொள்ளும். அமைக்கப் போனாலும் முழு மணிக்கணக்கு மட்டுமே ஏற்கும். நம் ஐந்தரை மணி அதில் அடங்காது.

நாளைக்கு ஏடி வாங்கி ஐஎன்டி 1ஏ-யின் 2-ஆம் பணியால் சிப்பையே படித்தால், எண்கள் பிசிடி வடிவில், அதாவது ஒவ்வொரு இலக்கமும் தனித்தனியாக நான்கு பிட்டில், வரும். மாற்றாமல் அச்சிட்டால் 47-ஆம் நிமிடம் 71 என்று விழும்.