மாரிக்கு முன் முதியோர் இல்லத்தில் சளிக்காய்ச்சல்: கேள்வி பதில்

நான் திருகோணமலையில் முதியோர் பராமரிப்பில் வேலை செய்த தாதி. மாரி தொடங்க முதல் சளிக்காய்ச்சல் (இன்ஃப்ளுவென்சா) பற்றிய சந்தேகங்களைக் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். வந்தவற்றில் சில இதோ.

கேள்வி: அக்கா, அம்மா உப்புவெளியில் ஒரு இல்லத்தில் இருக்கிறார். போன வருசம் சளிக்காய்ச்சல் ஊசி போட்டோம். இந்த வருசமும் வேண்டுமா?

வேண்டும். வைரஸ் மாறிக்கொண்டே இருக்கிறது, போன வருசப் பாதுகாப்பும் இப்போது குறைந்திருக்கும். ஊசி வேலை செய்ய இரண்டு கிழமையளவு எடுக்கும் என்பதால் மழை பிடித்தபிறகு ஓடாமல் புரட்டாதிக்குள் போட்டுவிடுங்கள். எல்லா இடத்திலும் எப்போதும் இருக்காது, போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: ஊசியால்தான் அப்பாவுக்குச் சளிக்காய்ச்சல் வந்தது என்கிறான் தம்பி.

ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ், அதனால் அந்த நோய் வராது. கை நோவும் ஓரிரு நாள் உடம்பு உளைவும் லேசான காய்ச்சலும் வரலாம். ஊசி போட்டும் சிலருக்கு நோய் தொற்றும்தான், ஆனால் நியூமோனியாவாகி வார்டில் படுக்கும் ஆபத்து குறையும்.

கேள்வி: நான் ஒரு இல்லத்தில் வேலை செய்கிறேன். லேசான தடிமன்தான், லீவு போட்டால் சம்பளம் வெட்டுவார்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு போகலாமா அக்கா?

போகாதீர்கள் தங்கச்சி. படுக்கையில் இருக்கும் ஐயா எங்கேயும் போய் நோயை வாங்கி வருவதில்லை, நாமும் பார்க்க வருபவர்களும்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். கஞ்சி ஊட்டும்போது ஒவ்வொரு கரண்டிக்கும் முகத்துக்குக் கிட்டே குனிகிறோம், வாயைத் துடைத்த அதே கையால் அடுத்த கட்டில் கம்பியைப் பிடிக்கிறோம். உங்களுக்கு லேசான தடிமன், அவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடும், அதனால் ஊழியர் எல்லோரும் ஊசி போடவேண்டும், கட்டிலுக்குக் கட்டில் கை கழுவவேண்டும். இல்லம் நடத்துபவர்களுக்கும் சொல்கிறேன்: காய்ச்சலோடு வீட்டில் நிற்பவரின் சம்பளத்தை வெட்டினால் அடுத்த முறை அவர் மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவார்.

கேள்வி: அம்மம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை, ஆனால் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, ஆளை மாற்றிக் கூப்பிடுகிறார். வயசுதானே?

ஒரே நாளில் வந்தால் அதை வயசு என்று விட்டுவிடாதீர்கள். வயதானவர்களுக்குச் சளிக்காய்ச்சலில் உடம்பு சுடாமலே இருக்கலாம், திடீர்த் தடுமாற்றம், சாப்பாட்டு வெறுப்பு, விழுதல் என்றுதான் தெரியும். இன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். சளிக்காய்ச்சல் வைரஸுக்குக் கொடுக்கும் ஒசெல்டமிவிர் மாத்திரை முதல் 48 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன், சிறுநீரக வருத்தம் இருந்தால் அளவு மாறும், அதை டொக்டரிடம் முதலே சொல்லுங்கள். இன்னொன்று, 2017இல் கிண்ணியாவில் டெங்கு என்ன பாடு படுத்தியது என்று எங்களுக்குத் தெரியும். காய்ச்சல் வந்தால் இரத்தம் சோதித்து டெங்கு இல்லை என்று தெரியும்வரை பரசிட்டமோல் மட்டும், அதுவும் அளவோடு. இபுப்ரொஃபன், டிக்ளோஃபெனாக் போன்ற நோ மாத்திரைகள் வேண்டாம், டெங்கு என்றால் இரத்தக்கசிவைக் கூட்டும்.

கேள்வி: மழைக்கு யன்னல் எல்லாம் பூட்டி, சாம்பிராணி போடுகிறோம். கிருமி சாகுமா?

சாகாது. இழுப்பு உள்ளவர்களுக்குப் புகை கூடாது. சாரல் அடிக்காத பக்கத்து யன்னலைத் திறந்து வையுங்கள். மல்லித் தண்ணி குடிக்கலாம், நீரிழிவுக்காரருக்குச் சீனி போடாமல்.

கேள்வி: ஒரே அறையில் இரண்டு பேருக்கு இருமல் தொடங்கிவிட்டது. பொறுத்துப் பார்க்கவா?

வேண்டாம். மூன்று நாளுக்குள் இரண்டு பேர் என்றால் பரவுகிறது என்றே எடுத்து, டொக்டருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கும் சொல்லுங்கள், பரிசோதனை கேளுங்கள். சளிக்காய்ச்சல் என்று உறுதியானால் மற்றவர்களுக்கும் தடுப்பாக அதே ஒசெல்டமிவிர் மாத்திரை கொடுக்கலாமா என்று டொக்டர் முடிவெடுப்பார். அதுவரை சாப்பாடு அறைக்கே போகட்டும், அந்த இருவரையும் ஒரே ஆள் பார்க்கட்டும், ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளைக் கூட்டிவருபவர்களிடம் இந்தக் கிழமை போனில் பேசச் சொல்லுங்கள்.