வாராவாரம் ஓட்டியும் ஜென்செட் ஏன் கெடுகிறது?

டீசல் ஜெனரேட்டர் (ஜென்செட்) பராமரிப்பு பற்றி சிங்கப்பூர் வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த மாதம் பதில் தருகிறோம்.

கே: எங்கள் கொண்டோவில் 200 கேவிஏ ஜென்செட் இருக்கிறது. வெள்ளிதோறும் 15 நிமிடம் லோட் (மின்சுமை) இல்லாமல் ஓட்டி நிறுத்துவோம். சில மாதங்களாகப் புகைக்குழாய் மூட்டுகளில் கறுப்பாக, பிசுபிசுவென்று வடிகிறது. டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) போய்விட்டது என்கிறார் கான்டிராக்டர். மாற்றிவிடலாமா? (செங்காங் வாசகர்)

ப: இப்போதைக்கு மாற்றாதீர்கள். முதலில் டர்போவின் காற்று நுழையும் பக்கக் குழாயைக் கழற்றி, சக்கரத்தின் தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருப்பது இயல்பு. சக்கரத்தின் இறக்கை உறையில் உரசினாலோ, காற்று வெளியேறும் குழாய்க்குள் ஆயில் தேங்கி நின்றாலோதான் டர்போவைச் சந்தேகிக்க வேண்டும். அப்படி இல்லையென்றால், வடிவது பெரும்பாலும் எரியாத டீசலும் கரியும் சேர்ந்த கசடு. இதை வெட் ஸ்டாக்கிங் என்பார்கள்.

இதற்குக் காரணம் உங்கள் வெள்ளிக்கிழமை ஓட்டம்தான். லோட் இல்லாத இன்ஜினுக்கு டீசல் மிகக் குறைவாகவே போகிறது, சிலிண்டர் போதிய சூட்டுக்கு வருவதில்லை. எரியும் வாயு அழுத்தினால்தான் பிஸ்டன் ரிங்குகள் சுவரோடு இறுக ஒட்டும். அழுத்தம் இல்லாதபோது டீசலில் ஒரு பங்கு எரியாமல் புகைக்குழாய்க்குப் போகிறது, இன்னொரு பங்கு சுவர் வழியே கசிந்து ஆயிலில் கலக்கிறது. இன்ஜெக்டர் முனையிலும் கரி படிந்து தூவல் கெடுகிறது. அதனால் அடுத்த வாரம் இன்னும் மோசமாக எரியும்.

டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்து டீசல் வாடை அடித்தால், ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிய பிறகே லோட் ஏற்ற வேண்டும். டீசல் கலந்து நீர்த்த ஆயிலோடு முழு வேலை வாங்கினால் பேரிங் போய்விடும்.

அடுத்து ஒரு லோட் பேங்கை, அதாவது ஜென்செட்டுக்குச் செயற்கையாக மின்சுமை தரும் கருவியை, வாடகைக்கு எடுங்கள். 200 கேவிஏ என்றால் 0.8 பவர் ஃபேக்டரில் (கேவிஏவில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) 160 கிலோவாட். 40, பிறகு 80 என்று ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் ஓட்டி, 120 கிலோவாட்டுக்கு ஏற்றி, புகை தெளியும் வரை இரண்டு மணி நேரமாவது விடுங்கள். ஒரேயடியாக ஏற்றக் கூடாது. சைலன்ஸரில் தேங்கிய கசடு சூட்டில் தீப்பிடிக்கக்கூடும், ஆகவே தீயணைப்பானோடு ஒருவர் அங்கேயே நிற்கட்டும். முதலில் கரும்புகை கக்கும் என்பதால் குடியிருப்பாளர்களுக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். இதற்குப் பிறகும் கசடு வடிந்தால் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதிக்க வேண்டியதுதான்.

இனி வாரந்தோறும் வெறுமனே ஓட்டுவதை விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை கட்டடத்தின் லோடை ஏடிஎஸ் (மின்சாரம் போனால் தானாக ஜென்செட்டுக்கு மாற்றும் ஸ்விட்ச்) வழியாக மாற்றி, 30 சதவீதத்துக்குக் குறையாமல், அதாவது 48 கிலோவாட்டுக்கு மேல், அரை மணி நேரம் ஓட்டுங்கள். கிலோவாட் மீட்டரைப் பாருங்கள், ஆம்பியரை நம்பாதீர்கள். பவர் ஃபேக்டர் குறைவாக இருந்தால் ஆம்பியர் நிறையக் காட்டும், இன்ஜினுக்கோ வேலை குறைவாகவே இருக்கும். கட்டட லோட் அந்த அளவுக்கு வராவிட்டால் ஆண்டுக்கொரு முறை லோட் பேங்க் கட்டாயம். இப்படி லோடை மாற்றும்போது எல்இடபிள்யூ (உரிமம் பெற்ற மின் பணியாளர்) உடன் இருக்க வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது காத்திருப்பு ஜெனரேட்டர்களுக்கான எஸ்எஸ் 535 என்ற சிங்கப்பூர் தரநிலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, லோட் சோதனையைத் தனி வரியாக எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் 15 நிமிட ஓட்டத்தோடு முடித்துக்கொள்வார்கள்.

கே: பேட்டரியில் 25.6 வோல்ட் காட்டுகிறது. ஆனாலும் இன்ஜின் சுற்ற மாட்டேன் என்கிறது. (ஜூரோங் வாசகர்)

ப: ஓய்வில் காட்டும் வோல்டேஜை வைத்து பேட்டரியின் பலத்தைச் சொல்ல முடியாது. தகடுகளில் சல்பேட் படிந்த பேட்டரியும் ஓய்வில் நல்ல எண்ணையே காட்டும், ஸ்டார்ட்டர் இழுத்தவுடன் விழுந்துவிடும். தொடராக இணைத்த இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளிலும் தனித்தனியே மீட்டர் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே போவதுதான் கெட்டது. ஆனால் மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதோடு புதியதைக் கட்டினால் சார்ஜ் சமமாக ஏறாது.

இரண்டும் தாங்கினால் கேபிளைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈய முளையிலேயே குத்துங்கள், மறுமுனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பில் வையுங்கள். ஸ்டார்ட் அடிக்கும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவே அழுக்கு இருக்கிறது. கழற்றி, பளிச்சென்று சுரண்டி, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். பலமுறை இவ்வளவுதான் கோளாறு.

நம் ஊர் ஜென்செட் அறைகளின் வெக்கை பேட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளில், இன்னும் ஓடுகிறதே என்று பார்க்காமல் மாற்றிவிடுவதே நல்லது.

கே: இங்கே பனியே விழுவதில்லை. ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீர் போதாதா? (துவாஸ் வாசகர்)

ப: போதாது. ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் திரவத்தின் வேலை உறையாமல் காப்பது மட்டுமில்லை. சிலிண்டரின் உள்ளுறையான லைனரைக் கூலன்ட் நேரடியாகச் சூழ்ந்திருக்கும் வெட் லைனர் இன்ஜினில் பிஸ்டன் அடிக்கும் அதிர்வால் லைனரின் வெளிப்புறத்தில் நுண்ணிய நீராவிக் குமிழிகள் தோன்றி உடையும். ஒவ்வொரு உடைப்பும் இரும்பைக் கொஞ்சம் கொத்தியெடுக்கும். நாளடைவில் ஊசித் துளை விழுந்து, தண்ணீர் ஆயிலில் இறங்கி, ஆயில் பால் போல வெளுக்கும். கூலன்ட்டிலுள்ள மருந்து லைனர் மேல் படலமாகப் படிந்து இதைத் தடுக்கிறது. டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். வெவ்வேறு வகைக் கூலன்ட்டுகளைக் கலக்காதீர்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

கே: பண்ணையில் பாதி நிரம்பிய டீசல் டேங்க். ஃபில்டர் மாதம் ஒன்று அடைக்கிறது, உள்ளே பழுப்பு நிறக் கொழகொழப்பு. (லிம் சூ காங் வாசகர்)

ப: அது கிருமி. டேங்கின் காலி இடத்திலுள்ள ஈரக்காற்று இரவில் குளிர்ந்து சுவரில் நீராக வடிந்து அடியில் சேர்கிறது. அந்த நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில்தான் அவை வளர்கின்றன. வாரம் ஒருமுறை அடிக் குழாயைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். அடியில் நீர்க்கோடு தெரியாத வரை வடியுங்கள். வாட்டர் செபரேட்டரையும் அப்படியே செய்யுங்கள்.

ஏற்கெனவே வளர்ந்ததற்குக் கிருமிநாசினி ஊற்றினால் மட்டும் தீராது. செத்த கசடு மொத்தமாகப் புறப்பட்டு ஃபில்டரை அடைக்கும். ஆகவே டேங்கைச் சுத்தம் செய்யுங்கள், இரண்டு மூன்று ஃபில்டர்களைக் கையில் வைத்திருங்கள். பிறகு, டீசல் விரிவதற்குச் சிறிது இடம் விட்டு, டேங்கை எப்போதும் நிறைத்தே வையுங்கள். ஃபில்டர் மாற்றியதும், ஹேண்ட் பிரைமரை (டீசல் ஏற்றும் கைப்பம்பு) அடித்துக் குமிழி நிற்கும் வரை காற்றை வெளியேற்றுங்கள். வடித்த கழிவைச் சாக்கடையிலோ கடலிலோ ஊற்றாமல், தேசிய சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுங்கள்.

கே: ஆண்டு முழுக்க 20 மணி நேரம்தான் ஓடியது. 250 மணி நேரம் ஆகும்வரை ஆயிலை விட்டுவைக்கலாமா? (ஈசூன் வாசகர்)

ப: கூடாது. 250 மணி நேரம் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். நிற்கும் இன்ஜினிலும் ஆயிலில் ஈரமும் அமிலமும் சேரும்.

கே: சர்வீஸ் முடித்துக் கிளம்புமுன் எதைப் பார்க்க வேண்டும்? (காலாங் வாசகர்)

ப: வேலைக்கு முன் கட்டுப்பாட்டுப் பெட்டியின் செலக்டர் ஸ்விட்சை ஆஃபில் வைத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றியிருப்பீர்கள். இல்லாவிட்டால் ஏடிஎஸ் உங்கள் கை உள்ளே இருக்கும்போதே இன்ஜினைக் கிளப்பிவிடும். முடித்ததும் எல்லாவற்றையும் திருப்பி வைக்க வேண்டும்: பேட்டரி கேபிள், சார்ஜர் ஸ்விட்ச், டீசல் வால்வு, வெளியே இழுத்த எமர்ஜென்சி ஸ்டாப், மூடிய (ஆன் நிலையிலுள்ள) மெயின் பிரேக்கர். கடைசியாக செலக்டர் ஆட்டோவில் இருக்கிறதா என்று உங்களோடு வந்தவரும் ஒருமுறை பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடட்டும்.