‘சிலேடை’யில் சிரிப்பு இருக்கிறதா?

கேள்வி: கோத்தகிரியில் எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் ‘சிலேடை அரங்கம்’ வைத்திருக்கிறோம். சிலேடை என்பது ‘சிரிப்பு’ என்பதிலிருந்து பிறந்த தூய தமிழ்ச்சொல் என்கிறார் விழா உரைகளை எழுதித் தருபவர். வரவேற்புரையில் அப்படியே சொல்லலாமா? மாணவர்கள் எழுதுவது சிலேடைதானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: தயவுசெய்து சொல்லாதீர்கள். சிலேடை வடமொழி ‘சிலேஷ’த்திலிருந்து வந்தது. ஒட்டுதல், தழுவுதல் என்று பொருள். விஷம் விடமானது போல, வருஷம் வருடமானது போல, இங்கும் ஷகரம் டகரமாயிற்று. ஒரே சொல்லில் இரண்டு பொருள் ஒட்டிக்கிடப்பதால் அந்தப் பெயர். அந்தப் பெயரில் சிரிப்புக்கு இடமே இல்லை. பக்திப் பாட்டிலும் சிலேடை உண்டு. தமிழ்ப் பெயர் வேண்டுமானால் ‘இரட்டுற மொழிதல்’ இருக்கிறது.

சொல்லைப் பிளந்து கதை கட்டி, பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறவர்களை நம்பாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம், மூலச்சொல்லும் அதில் இருக்கும். ஆனால் பிள்ளைகளுக்கு அகராதி புரட்டக் கற்றுத்தர யாருக்கும் நேரமில்லை. ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு வரி மனப்பாடம், அதோடு சரி!

இனி சோதனை. தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் சிலேடையில் இரண்டு வகை சொல்கிறது. பிரிக்காமலே இரு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை: ‘ஊட்டி மலர்க்காட்சியில் மாலை அழகு’. பொழுதும் அழகு, பூமாலையும் அழகு. பிரித்தால்தான் இரண்டாம் பொருள் வரும் என்றால் பிரிமொழிச் சிலேடை: ‘வீடு கட்டப் பலகை வேண்டும்’. பலகையும் வேண்டும், பல கைகளும் வேண்டும். இரண்டு பொருளும் அந்த வாக்கியத்தில் முழுசாகப் பொருந்த வேண்டும். ‘கொழுந்து பறிக்கப் பலகை வேண்டும்’ என்று எழுதினால் தேறாது; மரப்பலகைக்குத் தேயிலைத் தோட்டத்தில் என்ன வேலை?

மலை, மழை என்று உச்சரிப்பைக் குழப்பிச் சிரிக்கவைப்பதும் சிலேடை ஆகாது. எழுத்தே வேறு. இதில் ஒரு விலக்கு உண்டு, அதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் பொதுவாகக் காளமேகப் புலவர் ஒரு பாட்டில் ‘நஞ்சிருக்கும்’ என்கிறார். பாம்புக்கு அது விஷம். பழத்துக்கோ ‘நைந்து’ என்பது பேச்சில் மருவிய ‘நஞ்சு’. மூல வடிவம் வேறானாலும் பாட்டில் நிற்கும் எழுத்து ஒன்றே, அதனால் செல்லும். மாணவர் பேச்சு வடிவத்தை எடுத்தால், இரு பொருளுக்கும் ஒரே எழுத்தாக வருகிறதா என்று எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேனர் அடிக்கும்போது ‘பலகை’யை அச்சகத்தார் ‘பல கை’ என்று பிரித்துவிடுவார்கள். இடைவெளி விழுந்தால் ஒரு பொருள் போய்விடும். அச்சுக்கு முன் மாதிரியைக் கேட்டு வாங்கி எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.